வாங்குறவங்க யாரு? கோட்டை கார்கில்ஸிலிருந்து மெஜஸ்டிக் சிட்டி வரை

எங்க தோட்டங்களில் 'ஸ்டோர்' என்றால் கடை இல்லை, தேயிலைப் பேக்டரி. "அப்பா ஸ்டோருக்குப் போயிருக்காரு" என்று சொன்னால் சாமான் வாங்கப் போயிருக்கார் என்று திம்புள்ள பக்கத்தில் ஒருத்தரும் நினைக்க மாட்டாங்க. நைட் ஷிப்ட் என்றுதான் நினைப்பாங்க. கோப்பிக் காலத்தில் கொட்டையை உலர்த்திச் சேர்த்து வைத்த கட்டடத்துக்கு இருந்த பெயர் அப்படியே தேயிலைக்கும் தொடர்ந்து வந்துவிட்டது. மற்ற ஊர்களில் பொருளை வாங்குற இடத்துக்குச் சொல்லும் பெயர், எங்க ஊரில் பொருளைச் செய்யுற இடத்துக்கு. சின்ன விஷயம்தான். ஆனாலும் இந்தக் கட்டுரைக்காகப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அது எங்களுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்திச்சு.

கட்டுரை கடைகளைப் பற்றியது. பெரிய கடைகள் எப்படி எழும்பின, எப்படிக் களையிழந்தன என்பதைப் பற்றியது. கொழும்பின் பழைய ஷொப்பிங் கொம்ப்ளெக்ஸ்கள் மங்கிப் போச்சு என்று பேச்சு வரும்போதெல்லாம் காரணம் கையிலேயே இருக்கும்: ஒன்லைன் வந்திடுச்சு, புது மோல் வந்திடுச்சு, பார்க்கிங் இல்ல. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கடைகளில் செலவான காசு எங்கே உண்டானது, யாரை அந்தக் கடைகள் 'வாங்குறவங்க' என்று கணக்கெடுத்தன, யாரைக் கணக்கெடுக்கவே இல்லை என்று கேட்டால் கதை கொழும்பில் தொடங்காது. கண்டியில், கோப்பித் தோட்டங்களுக்கு நடுவில் தொடங்கும்.

1844-ல் வில்லியம் மில்ன் என்பவர் கண்டியில் ஒரு வியாபாரத்தைத் தொடங்கினார். மலைநாட்டில் கோப்பிக் காய்ச்சல் உச்சத்தில் இருந்த நேரம் அது. காட்டை வெட்டித் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரருக்குக் கோடரியிலிருந்து பிராந்தி வரைக்கும் எல்லாமே வேணும். தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்தே வந்த எங்க முப்பாட்டன்மார் அந்தக் காட்டை வெட்டினாங்க. மில்னோடு சில ஆண்டுகளில் கூட்டுச் சேர்ந்தவர் டேவிட் சைம் கார்கில் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். இன்றைக்கு ஹட்டன் டவுனில் சிவப்பெழுத்துப் பலகையில் நாம் பார்க்கிற பெயர் இவருடையதுதான். (இதே கார்கில்தான் 1886-ல் பர்மா ஒயில் கொம்பனியையும் தொடங்கினார். அந்தக் கொம்பனியின் கிளைக்கதைதான் பிற்காலத்தில் ஈரானிய எண்ணெய் வரைக்கும் போனது. அதற்குள் இறங்கினால் திரும்பி வர முடியாது, விட்டுவிடுகிறோம்.)

கோப்பி நோயில் விழுந்தது, தேயிலை எழுந்தது, கடை இரண்டு காலத்தையும் தாண்டி நின்றது. ரயில் 1867-ல் கண்டிக்கு வந்தது, 1884-ல் ஹட்டனுக்கு, அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கு. ரயில் பாதை தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருக்கோம். சரி, இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது பெட்டிகளில் என்ன வந்தது? ஒரு பக்கம் அரிசி மூட்டை, இன்னொரு பக்கம் பங்களாச் சாமான். 1896-ல் கார்கில்ஸ் பொதுப் பங்குக் கொம்பனியானது. கொழும்புக் கோட்டையில் யோர்க் வீதியில் 1902-ல் தொடங்கி 1906-ல் முடித்த அந்தச் செங்கல் நிறக் கட்டடத்தை நீங்களும் பார்த்திருப்பீங்க. வளைவு வளைவான நடைக்கூடம், உயரமான கண்ணாடி. தொப்பி ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், வைன் ஒரு பக்கம் என்று பிரிவு பிரிவாக, ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் கிடைக்கும் என்ற எண்ணத்துக்கு எங்க நாட்டில் கல்லில் கட்டிய முதல் பெரிய உருவங்களில் ஒன்று அது. மோல் என்ற சொல் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

தோட்டத்துத் துரை இந்தக் கடைக்கு நேரில் போக வேண்டிய அவசியமில்லை. கடிதம் எழுதினால் போதும், சாமான் ரயிலேறி வரும். கண்டியிலும் நுவரெலியாவிலும் கிளைகள் இருந்தன. ஸ்டேஷனிலிருந்து பங்களாவுக்கு? அதற்குத்தான் ஆட்கள் இருந்தாங்களே. இறைச்சி, பாண், தபால் எல்லாத்தையும் தகரம் போட்ட ஒரு பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு டவுனுக்கும் பங்களாவுக்கும் நடப்பதற்கென்றே தோட்டங்களில் ஒரு தொழிலாளி இருந்தார். துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இந்தப் பெட்டி நிறைய வரும். சுமந்தவர் பெயர் பெரும்பாலும் வராது. இன்றைக்கு டெலிவரி ஆப் வந்துவிட்டது என்று பெருமைப்படும்போது, வீட்டு வாசலில் டெலிவரி எடுத்த முதல் ஆட்கள் துரைமார்தான், கொண்டு வந்தது நாங்கதான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அதே மலையில், அதே ரயிலில் வந்த அரிசி மூட்டை லயத்துக்குப் போன வழி வேறு. தோட்டம் அரிசியைக் கொடுக்கும், சம்பளத்தில் வெட்டிக்கொள்ளும். மிச்சச் சாமானுக்குத் தோட்டத்துக் கடை. சில இடங்களில் கடையில் பெரிய கங்காணிக்கே பங்கு இருந்தது. கடன் கொடுத்தவர், வேலை கொடுத்தவர், சாமான் கொடுத்தவர் எல்லாம் ஒரே ஆள், அல்லது ஒரே ஆளின் உறவு. ஒருத்தர் வேறு தோட்டத்துக்கு மாறணும் என்றால் பழைய தோட்டம் ஒரு 'துண்டு' எழுதிக் கொடுக்கும்: இந்த ஆளுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவோம். புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடனோடு சேர்த்து மனுசன் கைமாறுறாரு. இந்தத் துண்டு முறை 1921-ல் சட்டப்படி ஒழிந்தது.

பிறகு 1927-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, 1929-ல் நடைமுறைக்கு வந்தது. மேல்மலைத் தோட்டங்களில், அதாவது எங்க பக்கத்தில், ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். தோட்டம் கொடுக்கிற அரிசி ஒரு புசல் 4 ரூபாய் 80 சதத்துக்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு புசல் அரிசிக்கு ஓர் ஆண் ஒன்பது நாள் வேலை செய்யணும், ஒரு பெண் பதினொரு நாளுக்கு மேல். அதே கொழுந்தை, அவங்க கை வேகமா எடுத்தாலும். இதுவும் ஒரு முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. விலைக்கு ஒரு உச்சவரம்பு வந்ததே பெரிய விஷயம். ஆனால் கவனிங்க: சட்டம் கூலியையும் அரிசி விலையையும் ஒரே மூச்சில் பேசுது. சம்பளம் கையில் வந்து, கடைகளைப் பார்த்து, விலை கேட்டு, பிடிக்காவிட்டால் திரும்பி நடக்கிற ஒரு மனுசரை அந்தச் சட்டத்தால் கற்பனை செய்ய முடியல. வாங்குறவர் என்றால் பிடிக்காதபோது வேறு கடைக்குப் போகக்கூடியவர். லயத்தில் இருந்தவங்களுக்கு அந்த இன்னொரு கடை இருக்கவில்லை.

ஆக, ஒரே தேயிலைக் காசில் இரண்டு கடை. ஒன்று யோர்க் வீதியில், இன்னொன்று லயத்துக்குப் பக்கத்தில். இதில் முதலாவதுதான் வரலாற்றுப் புத்தகங்களில் படத்தோடு இருக்கு.

இப்போ விழுந்த கதை. கோட்டையின் பெரிய கடைகள் யாருக்காகக் கட்டப்பட்டனவோ அந்த ஆட்கள் சுதந்திரத்துக்குப் பிறகு ஒவ்வொருத்தராகக் கப்பலேறினாங்க. 1960-களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி இல்லாததால் இறக்குமதிக்குத் தடைமேல் தடை. இங்கிலாந்திலிருந்து வந்த பொருளை விற்கவே கட்டிய கடையில் அந்தப் பொருளே வராவிட்டால் உயரமான கண்ணாடி எதற்கு? 1972-லும் 1975-லும் காணிச் சீர்திருத்தம் வந்தது. இரண்டாவது சுற்றில் வெளிநாட்டுக் கொம்பனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின. கடிதம் எழுதிச் சாமான் வரவழைத்த பங்களாக்களில் புது ஆட்கள் குடியேறினாங்க. கோட்டைக் கட்டடம் இடியவில்லை, மூடிவிடவும் இல்லை. வாங்குறவங்க போயிட்டாங்க, அவ்வளவுதான்.

அதே ஆண்டுகளில் லயத்துப் பக்கம் நடந்ததை இந்த இடத்தில் சொல்லாமல் தாண்ட முடியாது. 1973, 74. அரிசிப் பங்கீடு சுருங்கியது, மா விலை ஏறியது, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டு போக வீதித் தடைகள். நெல் விளையாத மலையில், காணியே இல்லாத ஆட்களுக்கு அது என்ன செய்யும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியல. தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. குடும்பம் குடும்பமாக டவுன் வீதிகளில் கையேந்த இறங்கினாங்க. எங்க வீடுகளில் பாட்டிமார் மரவள்ளிக் கிழங்கை ஏன் இன்னமும் ஒரு மாதிரி முகத்தோடு பார்க்கிறாங்க என்பதற்கு அந்த இரண்டு வருசம்தான் காரணம். விடியுறதுக்கு முன்னாடியே பாண் கியூவில் நின்ற கதையை அவங்க சொல்லும்போது வருசம் சொல்ல மாட்டாங்க, "அந்தப் பஞ்சத்துல" என்று மட்டும்தான் சொல்லுவாங்க. கோட்டைக் கடையில் காலி அலுமாரி, லயத்தில் காலிப் பானை. இரண்டையும் ஒரே 'பொருளாதார நெருக்கடி' என்ற தலைப்பில் போட்டு எழுதுகிற புத்தகங்கள் மேல் எங்களுக்குக் கோபம் உண்டு.

1977-ல் திறந்த பொருளாதாரம். கப்பல் கப்பலாகச் சாமான் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் கார்கில்ஸை சிலோன் தியேட்டர்ஸ் வாங்கியது. சிலோன் தியேட்டர்ஸ் 1928-ல் யாழ்ப்பாணத் தமிழரான சித்தம்பலம் கார்டினர் தொடங்கிய சினிமாக் கொம்பனி. கொழும்பில் அவர் பெயரில் ஒரு வீதியே இருக்கு. படம் காட்டுகிற கொம்பனி பலசரக்கில் கை வைத்ததைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தவங்க இருந்திருப்பாங்க. ஆனால் கூட்டத்தை ஒரு கட்டடத்துக்குள் எப்படி வரவழைப்பது என்று சினிமாக்காரங்களை விட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு? 1983-ல் கொழும்பு ஸ்டேபிள் வீதியில் அவங்க முதல் சுப்பர்மார்க்கெட்டைத் திறந்தாங்க. கவுண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தரும் ஆள் இல்லை. நீங்களே கூடையைத் தூக்கிக்கொண்டு எடுக்கணும்.

1983. அந்த வருசத்தை வேறு எதற்காக நாங்க நினைவில் வைத்திருக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையின் கடைசி வாரத்தில் கொழும்பில் தமிழர் கடைகள் வீதி வீதியாக எரிந்தன. தீ மலைக்கும் ஏறியது. கண்டி, நாவலப்பிட்டி, பதுளை, நுவரெலியா. ஒரு நாட்டின் சில்லறை வியாபார வரலாற்றை எழுதுகிறவர் 1983-க்கு நேரே 'முதல் நவீன சுப்பர்மார்க்கெட்' என்று எழுதலாம். அது உண்மை. அதே வரியில், அதே பேனாவால், எத்தனையோ பேர் தலைமுறையாகக் கட்டிய கடைகள் ஒரு வாரத்தில் சாம்பலானதையும் எழுதாவிட்டால், யாருடைய கடை கடை என்று எண்ணப்படுகிறது என்பது தெரிஞ்சு போகும்.

எரிந்த வீதிகளிலிருந்து வெளிநாட்டுக்குப் போனவங்க அனுப்பிய காசு, சில ஆண்டுகள் கழித்து, கொழும்பின் தென்பக்கத்தில் ஒரு புது வகைக் கடையை வாழவைத்தது. மெஜஸ்டிக் சிட்டியின் கதைக்கு இப்படித்தான் வரணும் என்று நாங்க நினைக்கிறோம். பம்பலப்பிட்டியில், காலி வீதியில், சிலோன் தியேட்டர்ஸின் மெஜஸ்டிக் தியேட்டர் இருந்த இடத்தில், 1990-களின் ஆரம்பத்தில் அது எழும்பியது. ஏசி, எஸ்கலேட்டர், உள்ளேயே தியேட்டர், புட் கோர்ட், கீழே சுப்பர்மார்க்கெட். பக்கத்துக் கட்டடமான யுனிட்டி பிளாசாவில் கம்ப்யூட்டர் கடைகள். கொள்ளுப்பிட்டியில் லிபர்ட்டி பிளாசா அதற்கு முன்பே வந்திருந்தது. ஆனால் ஒரு தலைமுறைக்கு 'எம்.சி.' என்ற இரண்டெழுத்துதான் ஊர்.

அது நடந்த காலத்தையும் பாருங்க. 1996 ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டு, அடுத்த ஆண்டு உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று. கோட்டை முழுக்க வீதித் தடை, சோதனை, பூட்டு. பழைய வியாபார மையம் பொலிஸ்காரரும் ஆமிக்காரரும் மட்டும் நடக்கிற இடமாகிப் போச்சு. வியாபாரம் காலி வீதி வழியே தெற்குக்கு நகர்ந்தது. வடக்கிலிருந்து ஓடி வந்த குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் லொட்ஜிலும் வாடகை அனெக்ஸிலும் விசாவுக்காகக் காத்திருந்தாங்க. மாசாமாசம் பிள்ளைகள் காசு அனுப்புவாங்க. வீட்டில் அடையாள அட்டைச் சோதனை, வீதியில் சோதனை. மாலையில் போய்க் காற்று வாங்க ஒரு இடம் வேணும். பாஸ் கேட்காமல் ஏசிக்குள் நிற்கக் கூடிய இடம் அந்த மோல்தான். அங்கே சாமான் வாங்கியவங்களை விடச் சும்மா சுற்றியவங்க அதிகம் என்று அந்தத் தலைமுறை அண்ணன்மாரும் அக்காமாரும் சொல்றாங்க. யுத்தம் ஒரு மோலை வாழவைத்தது என்று ஒரே வரியில் எழுதினால் கொச்சையாக இருக்கும். ஆனால் யுத்தம் இல்லாமல் எம்.சி.யின் கதையைச் சொன்னால் அது விளம்பரமாகத்தான் இருக்கும்.

இந்த 'சும்மா சுற்றுவது'தான் மோலைக் கண்டுபிடித்தவர் உண்மையில் விற்க நினைத்த பொருள். விக்டர் குரூயன், வியன்னாவில் பிறந்த யூதர். 1938-ல் நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர், கட்டடக் கலைஞர். அமெரிக்கப் புறநகரில் வீடு இருக்கு, கார் இருக்கு, மனுசர் மனுசரைச் சந்திக்கிற சந்தைச் சதுக்கம் மட்டும் இல்லை என்பது அவர் கவலை. 1956-ல் மின்னசோட்டா மாநிலத்தில் எடைனா என்ற ஊரில் அவர் வரைந்த சவுத்டேல் திறந்தது. முழுவதும் மூடிய, குளிரூட்டிய முதல் புறநகர் மோல். சுற்றிலும் வீடு, பள்ளிக்கூடம், பூங்கா எல்லாம் வரும், இது ஒரு ஊரின் நடுவாக இருக்கும் என்பது திட்டம். வந்தது கார் பார்க். பக்கத்துக் காணிகளின் விலை ஏறியதும் விற்றவங்க விற்றாங்க. அதற்கு முன்பே, 1954-ல், புதுக் கட்டடம் கட்டினால் அதன் தேய்மானத்தை விரைவாகக் கழித்து வரியைக் குறைக்கலாம் என்று அமெரிக்கச் சட்டம் மாறியிருந்தது. வாங்குறவங்க இருக்காங்களா இல்லையா என்று பார்க்காமலே மோல் கட்டுவது லாபமாகிவிட்டது. எண்ணிக்கை பெருகப் பெருகக் குரூயன் வெறுத்துப்போனார். கடைசிக் காலத்தில் இதெல்லாம் என் பிள்ளைகளே இல்லை என்ற கணக்கில் பேசிவிட்டு வியன்னாவிலேயே வாழ்ந்து முடித்தார். ஒஹாயோவில் 1976-ல் உலகின் மிகப் பெரிய மோல் என்று திறந்த ரண்டல் பார்க் 2009-ல் மூடி, பிறகு இடிந்து, 2018-லிருந்து அந்த இடத்தில் அமேசானின் களஞ்சியம் ஓடுகிறது. ஸ்டோர் மறுபடி ஸ்டோராகிவிட்டது, எங்க தோட்டத்து அர்த்தத்தில்: உள்ளே வேலை மட்டும்தான்.

எம்.சி.க்கு அந்த மாதிரிச் சாவு வரவில்லை. காரணம் எளிது. சவுத்டேல் காரில் வருகிறவங்களை நம்பிக் கட்டியது. எம்.சி. வாசலில் 100-ம் 101-ம் இலக்க பஸ்கள் நிற்கும். கார் பார்க்கை நம்பாமல் பஸ் ஹோல்ட்டை நம்பிய கடை அவ்வளவு சீக்கிரம் காலியாகாது. ஆனால் பரபரப்பு நகர்ந்துவிட்டது. 2018-ல் கொழும்பு சிட்டி சென்டர் திறந்தது. அதே ஆண்டு அலிபாபா டராஸை வாங்கியது. 2019 நவம்பரில் காலிமுகத்திடலில், இராணுவத் தலைமையகம் இருந்த காணியில், வன் கோல் பேஸ். பெயர்பெற்ற வெளிநாட்டு பிராண்ட்கள் அங்கே போயின. பழைய கட்டடங்களில் போன் கவர், இமிட்டேஷன் நகை, ஸ்க்ரீன் புரொடெக்டர் ஒட்டித் தருகிற மேசை. லிபர்ட்டி பிளாசாவின் மேல் மாடிகளில் மத்தியான நேரம் நடந்து பாருங்க, உங்க செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

இவ்வளவு நேரம் வாங்குறவங்களைப் பற்றியே பேசினோம். விற்கிறவங்க? கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பிள்ளைகள் என்று கொழும்புக்காரங்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். ஓ/எல் முடிச்சிட்டு 'கொழும்புல கடைக்குப் போறது' என்பது எங்க லயங்களில் ஒரு தொழிற்பெயர் மாதிரி. புறக்கோட்டையில் தொடங்கி மோல் வரைக்கும். எங்களில் இரண்டு பேர் ஏ/எல் ரிசல்ட் வரும் வரைக்கும் ஒரு மோலில் நத்தார் சீசனுக்கு நின்றிருக்கிறோம். நின்றிருக்கிறோம் என்றால் அப்படியே நின்றிருக்கிறோம்: பத்து மணித்தியாலம், கதிரை கிடையாது. வாங்குறவங்க இல்லாத நேரத்தில் கூட உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கடை சோம்பலாத் தெரியுமாம். பின்வாசலால் வரணும், பையைத் திறந்து காட்டணும். பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போன அம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவங்க கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கயும் அரைப்பேர் போடுவாங்களா?" போடுவாங்க. பத்து நிமிசம் பிந்தினால் சம்பளத்தில் வெட்டு. பெயர் மட்டும் வேற.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அது வருவதற்கு எத்தனை வருசப் போராட்டம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். அந்த ஆயிரம் வந்து சேர்ந்து ஒரு வருசத்துக்குள் ரூபாயே கரைந்தது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் கொழும்புச் சுட்டெண்ணின்படி 94.9 வீதம். அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. மோல்களில் மின்வெட்டு, ஜெனரேட்டர் டீசல் இல்லை, இறக்குமதிக்குத் தடை. 1970-களின் கோட்டை மறுபடி.

அந்த ஏப்ரலில்தான் வன் கோல் பேஸ் மோலுக்கு எதிரே, காலிமுகத்திடல் புல்லில், கூடாரங்கள் முளைத்தன. கோட்டாகோகம. நூலகம், சமையல்கூடம், முதலுதவி, மேடை, பாட்டு, விடிய விடியப் பேச்சு. எதற்கும் காசில்லை. எங்க பக்கத்திலிருந்தும் பஸ் பிடித்துப் போனவங்க இருக்காங்க. சம்பளம் மட்டுமில்ல, காணி, வீடு, அடையாளம் என்று எங்க பிரச்சினையை மைக்கில் சொன்னாங்க. கேட்க ஆள் இருந்தது. எந்தப் பொருளும் விற்காத ஒரு ஊர்நடுச் சதுக்கம் வீதிக்கு இந்தப் பக்கம், அதைக் கட்டித் தருவதாகச் சொல்லி வந்த கட்டடம் அந்தப் பக்கம். குரூயன் இருந்திருந்தால் வீதியைக் கடந்து இந்தப் பக்கம் வந்திருப்பார் என்று நினைக்க எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஜூலையில் கூடாரங்களைப் பிரித்தாங்க. மோல் இருக்கு.

இனி ஹட்டனுக்கு வருவோம். மோல் என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. இருப்பது ஒரு மெயின் வீதி, இரண்டு பக்கமும் துணிக்கடை, நகை அடகுக்கடை, பாத்திரக்கடை, பலசரக்கு, ரயிலுக்கு ஓடுற ஆட்கள். 1844-ல் தோட்டத் துரைமாருக்காகத் தொடங்கிய கடை இப்போ நாடு முழுக்க 500-க்கு மேற்பட்ட கிளைகளோடு இருக்கு, ஹட்டனிலும் உண்டு, இப்போ நாங்களும் அதன் வாங்குறவங்க. பிடிக்காவிட்டால் வெளியே வரலாம். விலையை ஒட்டிய சீட்டைப் பார்த்துவிட்டுப் பொருளைத் திரும்ப வைக்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டாங்க. எங்க ஆத்தாமார் தலைமுறைக்கு இது கிடைக்கவில்லை. சிறிய விஷயமா இது? இல்லை. இதைக் கிண்டல் செய்து எழுதுகிற கொழும்புக் கட்டுரைகளோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ஹட்டன் வீதி வருசத்தில் எப்போ நிரம்புது? தீபாவளிக்கு முன், முற்பணம் கொடுக்கிற வாரத்தில். பத்தாயிரமோ அதற்கு மேலோ, தோட்டம் கொடுக்கும், பிறகு மாசாமாசம் சம்பளத்தில் வெட்டும். அந்த ஒரு வாரத்துக்காகக் கண்டி, கொழும்பிலிருந்து கூட நடைபாதை வியாபாரிகள் வந்து துணி விரிப்பாங்க. போனஸ் என்று வெளியூர்க்காரங்க நினைக்கிறாங்க. அது கடன். 1921-ல் ஒழிந்த துண்டு இல்லை, அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் கடன் கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் ஒரே ஆள், வெட்டுகிற கை அதே செக்ரோலில்தான். எங்க ஊர் பஜாரின் எழுச்சியும் வீழ்ச்சியும் ஒவ்வொரு வருசமும் இப்படி ஆறேழு நாளில் நடந்து முடியும். வெள்ளிக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது, தீபாவளி முடிஞ்ச செவ்வாய்க்கிழமை கடைக்காரர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

மிச்ச நாளெல்லாம் தோட்டத்துக் கடைதான். லயத்துக்கு மேலே, ரோட்டோரமாக, தகரக் கூரை. அங்கே பில் மெசின் இல்லை, கொப்பி இருக்கு. பெயரும், சில பக்கங்களில் பெயருக்குப் பதிலாக லயத்து நம்பரும். 2021, 22-ல் பால்மா இல்லாமல் போனபோது சுப்பர்மார்க்கெட்டில் ஆளுக்கு ஒரு பெட்டி என்று கியூ, அதற்கும் முழுக்காசு கையில் வேணும். எங்க பக்கத்துக் கடையில் கிடைத்த ஒன்றிரண்டு பெட்டியை உடைத்து, கரண்டியால் அளந்து, பேப்பரில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாங்க. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதலில், மற்றவங்களுக்கு மிஞ்சினால். அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் ஏழு வீட்டின் பெயர், எதிரே கரண்டிக் கணக்கு. சில வரிகள் மேல் கோடு போட்டு அடித்திருக்கு, சிலது இன்னும் அடிக்காமல் இருக்கு.